எண்ணெய், நூல், ஒரு நாள் லீவு: தாமிரபரணிக் கரையில் ஓய்வின் வரலாறு

ஐப்பசி பிறந்தாச்சு. இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேரோட போன்ல இந்நேரம் ஒரு லிஸ்ட் இருக்கும். ஊருக்கு டிக்கெட், அம்மாவுக்குச் சேலை, லீவுக்கு முன்னாடி ஆபீஸ்ல முடிக்க வேண்டிய வேலை, ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர், தையல் கடையில குடுத்து மூணு வாரமா வராத பிளவுஸ். அந்த லிஸ்ட்டோட கடைசியில 'கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும்'னு ஒரு வரி. ரெஸ்ட்டையும் ஒரு வேலையாத்தான் எழுதி வச்சிருப்பீங்க.

சில பேர் வீட்டு மூலையில இன்னொண்ணும் இருக்கும். ஒரு சின்னக் கைத்தறி, இல்லன்னா ஒரு தக்ளி, இல்லன்னா இயற்கைச் சாயம் போட வாங்குன மஞ்சிட்டி, கடுக்காய்ப் பொடி. பழைய காலத்துத் துணி வேலைகளைக் கையால செஞ்சு பாக்குற ஆர்வம் நம்ம தலைமுறையில நிறையப் பேருக்கு வந்திருக்கு. மனசு அமைதியா இருக்கும்னுதான் ஆரம்பிக்கிறோம். ஆனா ஐப்பசி வந்ததும், 'தீபாவளிக்குள்ள இந்தத் துண்டை முடிச்சு அப்பாவுக்குக் குடுத்துரணும்'னு அதுக்கும் ஒரு டெட்லைன் வந்துடுது. மன அமைதிக்காக வாங்குன தறி இப்போ நம்மளையே முறைச்சுப் பாக்குது.

உடம்பைப் பாத்துக்கிறது, பண்டிகைக்குத் தயாராகுறது, துணி நெய்யுறது. இந்த மூணும் எப்பவுமே இப்படி ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டுதான் இருந்துச்சா? நூல் நூத்தவங்களுக்கும் தறியில உக்காந்தவங்களுக்கும் ஓய்வு கிடைச்சுதா? அதைத் தெரிஞ்சுக்க இந்த எபிசோட்ல திருநெல்வேலிப் பக்கம் போறோம்.

மார்க்கோ போலோவின் ஆச்சரியம்

கதை ஆறு கடலைத் தொடுற இடத்துல ஆரம்பிக்குது. 13ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதி, முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சிக் காலம். தாமிரபரணி முகத்துவாரத்துல காயல்னு ஒரு பெரிய துறைமுகம். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலா குதிரைங்க வந்து இறங்குன ஊர். வெனிஸ்காரர் மார்க்கோ போலோ தன்னோட பயணக் குறிப்புல இந்தக் காயலைப் பத்திச் சொல்றாரு. ஆறு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்துச் சேர்த்துக் கடல் பின்வாங்கிப் போக, துறைமுகம் மறைஞ்சுபோச்சு. 19ஆம் நூற்றாண்டுல பிஷப் கால்டுவெல், மார்க்கோ போலோ சொன்ன காயல் இன்னிக்கு இருக்குற பழையகாயல்தான்னு அடையாளம் காட்டுனாரு. அவரோட திருநெல்வேலி வரலாறு 1881ல வெளிவந்துச்சு.

நமக்கு இப்போ குதிரை முக்கியமில்ல. பாண்டிய நாடு இருந்த இந்தக் கடற்கரைப் பகுதியை அரபு வணிகர்கள் மாபார்னு கூப்பிட்டாங்க. மார்க்கோ போலோவும் அதே பேரைத்தான் பயன்படுத்துறாரு. அந்த ஊர் ஜனங்களைப் பத்தி அவர் எழுதுனதுல மூணு விஷயம் நமக்கு வேணும்.

முதல் விஷயம்: இங்க ஆணும் பெண்ணும் தினமும் ரெண்டு வேளை உடம்பு முழுக்கக் குளிக்கிறாங்க. குளிக்காதவங்களை இந்த ஊர்க்காரங்க, ஐரோப்பாவுல மதத்துக்கு எதிரா போனவங்களைப் பாக்குற மாதிரி பாக்குறாங்களாம். ரெண்டாவது: தண்ணி குடிக்கும்போது பாத்திரத்தை உதட்டுல வைக்கிறதில்ல, தூக்கி ஊத்திக் குடிக்கிறாங்க. எச்சில் படாம அண்ணாந்து குடிக்கச் சொல்லி நம்ம ஆச்சி திட்டுவாங்களே, அதேதான். மூணாவதுதான் நம்ம விஷயம்: இந்த நாடு முழுக்கத் துணியை வெட்டித் தைக்க ஒரு தையல்காரர்கூடக் கிடையாதுன்னு அவர் சொல்றாரு. எல்லாரும் இடுப்புல ஒரு துணியைச் சுத்திக்கிட்டு அவ்வளவோட விட்டுடுறாங்களாம். ராஜாவும் அப்படித்தான், அவர்கிட்ட கூடுதலா இருந்தது முத்தும் ரத்தினமும்.

இது கொஞ்சம் மிகை. தையல்காரருக்குத் துன்னகாரர்னு ஒரு தமிழ்ச் சொல் சிலப்பதிகாரத்துலயே இருக்கு. ஆனா சட்டைக்கு மேல சட்டை போடுற குளிர் ஊர்லருந்து வந்தவர் கண்ணுக்கு, தைக்காத துணியே போதும்னு ஒரு நாடு வாழ்றது அதிசயமா தெரிஞ்சிருக்கும். நெய்யத் தெரியாம இருந்த நாடில்ல இது. இதே பயணக் குறிப்புல, இப்போ ஆந்திரக் கரையில இருக்குற மோட்டுப்பள்ளிப் பக்கத்துத் துணியைச் சிலந்தி வலை மாதிரி மெல்லிசுன்னு புகழ்றாரு.

தறியிலருந்து நேரா உடம்புக்கு

தைக்காத துணின்னா என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வேட்டி, துண்டு, சேலை எல்லாத்துக்கும் அளவு, கரை, முந்தி, எல்லாமே தறியிலயே முடிவாகிடும். தறியிலருந்து அறுத்து எடுத்தா, மடிச்சுக் குடுத்துடலாம். நெய்தவர் கைக்கும் உடுத்துறவர் இடுப்புக்கும் நடுவுல வேற ஒரு கட்டம் கிடையாது. பண்டிகைக்கு முந்தின வாரம் தையல் கடை வாசல்ல நிக்கிறமே, அந்தப் பதற்றம் வெட்டித் தைக்கிற உடுப்பு எல்லார் வீட்டுக்கும் வந்ததுக்கு அப்புறம் வந்தது.

புதுத் துணிக்குக் 'கோடி'ன்னு பேரு. தீபாவளிக்குக் கோடி உடுத்துறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல மஞ்சள் வைப்போம். அதுக்கும் முன்னாடி எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர், அப்புறம் கோடி, அப்புறம் ஒரு உருண்டை லேகியம். வரிசையைக் கவனிச்சீங்களா? உடம்பு, துணி, பண்டிகை மூணும் ஒரே காலைப்பொழுதுல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வருது. இப்போ செல்ஃப் கேர்னு நாம தனியா எழுதி வைக்கிறது அந்தப் பண்டிகையோட முதல் சடங்காவே இருந்திருக்கு.

ஆனா ஒண்ணு, இந்த வரிசை ஆதிகாலத்துலருந்து அப்படியே வருதுன்னு நினைச்சுடாதீங்க. பாளையங்கோட்டைக்காரர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல தமிழ்த்துறையில இருந்த தொ. பரமசிவன், 1997ல வந்த 'அறியப்படாத தமிழகம்' புத்தகத்துல இதைப் பத்திப் பேசியிருக்காரு. தமிழ்நாட்டுல தீபாவளி பரவுனது விஜயநகர, நாயக்கர் காலத்துலதான்ங்கிறது அவரோட வாதம். விளக்கு வரிசைக்குத் தமிழர்களோட பழைய திருநாள் கார்த்திகை. எண்ணெய்க் குளியலோ எந்தப் பண்டிகைக்கும் காத்திருக்காத வாராந்திரப் பழக்கம். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. ஔவையோட ஆத்திசூடியில குளியலைப் பத்தி வர்ற ஒரு வரியைச் சனிக்கிழமைக் குளியல்னு சிலரும், குளிர்ந்த நீர்ல குளிக்கச் சொல்றதுன்னு சிலரும் இன்னிக்கும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. எப்படி இருந்தாலும், வாரத்துல ஒரு அரை நாளை உடம்புக்குன்னு ஒதுக்குறது நம்ம ஊர்ல இருந்த வழக்கம்தான்.

யாருக்கு இருந்த வழக்கம்?

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். அந்த அரை நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கல.

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள்ல 'தறி இறை'ன்னு ஒரு வரி வருது. வீட்டுல தறி இருந்தா அதுக்கு வரி. சாலியர், கைக்கோளர்னு நெசவுச் சமூகங்களோட பேரும் கல்வெட்டுகள்ல நிறைய இருக்கு. வரலாற்றாசிரியர் விஜயா ராமசாமி 1985ல, இடைக்காலத் தென்னிந்தியாவோட நெசவாளர்களைப் பத்தியே ஒரு முழுப் புத்தகம் எழுதினாங்க. அந்தத் துறையில இன்னிக்கும் முதல்ல கைக்கு எடுக்குற நூல் அதுதான்.

நெசவாளர்கள் ஒடுங்கிக் கிடந்தாங்கன்னு மட்டும் சொல்லிட முடியாது. 10ஆம் நூற்றாண்டுல, உத்தம சோழன் காலச் செப்பேட்டுல, காஞ்சிபுரத்துச் சாலியர்கள்கிட்ட ஊரகம் கோயிலோட கணக்கு வழக்கைக் கவனிக்கிற பொறுப்பு போகுது. அதாவது, திருவிழாவுக்குத் துணி குடுக்குறவங்களே திருவிழாச் செலவுக்கும் பொறுப்பு. கைக்கோளர்கள் சோழர் படையிலயும் இருந்தாங்க. 15ஆம் நூற்றாண்டுல விஜயநகர ஆட்சியில, பல்லக்குல போறதுக்கும் சங்கு ஊதிக்கிறதுக்கும் அவங்க உரிமை வாங்குனதைக் கல்வெட்டுகள் சொல்லுது. திருநெல்வேலிப் பக்கம் நாயக்கர் காலத்தோட தொடர்புள்ள இன்னொரு நெசவுச் சமூகம் சௌராஷ்டிரர். இன்னிக்கும் வீரவநல்லூர்ல அவங்க தெருக்கள் இருக்கு.

ஆனா தறிக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கே, நூல் நூற்கிறது? ஒரு நெசவாளருக்குத் தேவையான நூலைக் கதிர்ல நூத்துக் குடுக்கப் பல பேர் வேணும். தக்ளி சுத்திப் பாத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும்: ஒரு சாயங்காலம் முழுக்க நூத்தாலும் கைக்குட்டைக்குக்கூட நூல் பத்தாது. அந்தப் பல பேர் யாரு? பெரும்பாலும் பெண்கள். சங்கப் பாட்டுகள்லயே, ராத்திரியில சின்ன விளக்கை வச்சுக்கிட்டுப் பஞ்சு வேலை பாக்குற பெண் வர்றா. ஆண் துணை இல்லாத பெண்கள் நூல் நூத்துப் பிழைக்கிறதும் வருது. சமைச்சு, பிள்ளையைத் தூங்க வச்சு, எல்லாம் அடங்குனதுக்கு அப்புறம் கிடைச்ச நேரத்துல நூத்தது அந்த நூல். நமக்கு ராத்திரி ஒன்பது மணிக்குத் தக்ளி சுத்துறது ஓய்வு. அதே கை அசைவு அவங்களுக்கு அடுத்த நாள் சோறு.

இதைச் சொல்றது உங்க ஹாபியைக் குத்தம் சொல்ல இல்ல. நீங்க அதே அசைவைச் செய்யும்போது, அதுக்குள்ள எவ்வளவு பேரோட தூக்கம் இருந்துச்சுன்னு உங்க விரலுக்குத் தெரிய வருது. புத்தகத்துல படிச்சா அது இவ்வளவு உறைக்காது.

பத்தமடை: கோரை சொல்ற நேரம்

இனி ஆத்தோட மேல போவோம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல பத்தமடை. யோகா, உடற்பயிற்சின்னு உலகம் முழுக்க எழுதிப் பரப்புன சுவாமி சிவானந்தா 1887ல பிறந்த ஊர் இது. ஆனா ஊர் பேரைச் சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது பாய்தான். இங்க இதை நெய்யுறவங்க பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அதுலயும் பெண்கள். 2013ல பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது.

பாய் எப்படித் துணி ஆகும்னு கேக்கலாம். நல்ல பத்தமடைப் பாயை ஒரு தடவை கையில எடுத்தா அந்தக் கேள்வி போயிடும். பாவு பருத்தி நூல், சிலதுல பட்டு நூல். ஊடை, ஆத்தங்கரையில விளையுற கோரை. அந்தக் கோரையை அறுத்து, காய வச்சு, ஓடுற தண்ணியில சில நாள் ஊறப் போட்டு, திரும்பக் காய வச்சு, மெல்லிசா கிழிச்சு, சாயம் போட்டு, அப்புறம்தான் தறிக்கு வருது. தரையோட தரையா இருக்குற தறியில, ஒரு நீளக் குச்சியால ஒவ்வொரு கோரையா ஊடே செலுத்தணும். மெல்லிசு ரகமா இருந்தா ஒரே பாய்க்கு வாரக்கணக்குல ஆகும். முடிஞ்சா, சேலை மாதிரி மடிச்சு வைக்கலாம். கல்யாணப் பாய்னா மாப்பிள்ளை, பொண்ணு பேரையும் நெய்தே குடுப்பாங்க.

இந்த வேலையில பெரும்பகுதி காத்திருக்கிறதுதான், அதைக் கவனிச்சீங்களா? ஊறுறதுக்கு, காயுறதுக்கு, சாயம் ஏறுறதுக்கு. நாம அவசரப்பட்டா கோரை வேகமா ஊறாது. அரைகுறையா ஊறுனா நெய்யும்போது உடையும். அதனால கல்யாணத் தேதியிலருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வந்துதான் கோரையைத் தண்ணியில போடணும். தேதி மனுஷனோடது, நேரம் கோரையோடது. நம்ம சின்னத் தறிக்கும் இதே கணக்குதான். புரட்டாசியில பாவு ஓட்டியிருந்தா ஐப்பசியில துண்டு. ஐப்பசியிலதான் ஆரம்பிச்சீங்கன்னா, அது கார்த்திகைக்கோ பொங்கலுக்கோ வர்ற துண்டு. அதை ஒத்துக்கிட்டாலே பாதிப் பாரம் குறையும். அப்பாவுக்கு இந்தத் தீபாவளிக்குக் கடையில வாங்குனதைக் குடுங்க. கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியும் இதே சீசன்லதான்.

மில் சங்கும் ஞாயிற்றுக்கிழமையும்

கோரை சொன்ன நேரம் 19ஆம் நூற்றாண்டோட கடைசியில மாறுது. இன்னும் மேல, மலையடிவாரத்துல பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டு இறங்குற இடம். 1880கள்ல ஹார்வி சகோதரர்களோட கம்பெனி, அங்க ஆத்துத் தண்ணியோட விசையில ஓடுற நூற்பாலையைக் கொண்டுவந்துச்சு. அதே நிர்வாகத்துக்குக் கீழ, தூத்துக்குடியில கோரல் மில். தூத்துக்குடி அப்போ திருநெல்வேலி ஜில்லாவுல இருந்துச்சு. ராத்திரி விளக்குல வீட்டுப் பெண்கள் நூத்த நூலை இப்போ மெஷின் நூக்குது. அதுக்கு ஊறுற நேரம், காயுற நேரம்னு எதுவும் கிடையாது. சங்கு ஊதுனா உள்ள போகணும்.

1908 பிப்ரவரி 27. கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துல இறங்குறாங்க. பின்னாடி நின்னவங்க வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். கேட்டது என்ன? கூலி உயர்வு, அப்புறம் வார விடுமுறை, மத்த லீவு வசதிகள். சுதேசிக் கப்பல் விட்டவரா மட்டுமே நாம ஞாபகம் வச்சிருக்குற வ.உ.சி., நூல் ஆலைத் தொழிலாளிங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகவும் நின்னாரு. ஊர் மக்களோட ஆதரவும் தொழிலாளிங்களுக்குக் கிடைச்சுது. மார்ச் முதல் வாரத்துல நிர்வாகம் இறங்கி வந்துச்சு. கூலி 50 சதவீதம் உயர்ந்துச்சு, வேலை நேரம் குறைஞ்சுது, ஞாயிறு விடுமுறை கிடைச்சுது.

அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொதிச்சு எழுந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல நாலு உயிர் போச்சு. வ.உ.சி.க்கு முதல்ல விழுந்த தண்டனை 40 வருஷம். மேல்முறையீட்டுல குறைஞ்சு, 1912 டிசம்பர்லதான் வெளிய வந்தாரு. நடுவுல கோயம்புத்தூர் சிறையில அவரைச் செக்கு இழுக்க வச்சாங்க. எண்ணெய் ஆட்டுற செக்கு. தொழிலாளிங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கேட்டவர், மாட்டுக்குப் பதிலா நின்னு எண்ணெய் எடுத்தாரு.

செல்ஃப் கேர்னு சொன்னா இன்னிக்கு நமக்கு ஃபேஸ் மாஸ்க், வாசனை மெழுகுவத்தி எல்லாம் ஞாபகம் வருது. தப்பில்ல. ஆனா இந்தப் பள்ளத்தாக்கோட துணி வரலாற்றுல ஓய்வுங்கிறது முதல்ல கடையில கிடைக்குற பொருளா இருக்கல. கூட்டா நின்னு கேட்டு வாங்குன ஒரு நாளா இருந்துச்சு.

எண்ணெய் காய்ச்சுறது யாரு?

சரி, நம்ம லிஸ்ட்டுக்குத் திரும்புவோம். இந்த 700 வருஷக் கதையிலருந்து மூணு விஷயம் எடுத்துக்கலாம்.

ஒண்ணு, ஓய்வைப் பண்டிகைக்கு அப்புறம்னு தள்ளாதீங்க. தீபாவளிக் காலை ஆரம்பிக்கிறதே உடம்புலருந்துதான். அதுக்கும் முன்னாடி ஒரு சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ அரை நாள் எடுத்து எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா, எந்தச் சாமியும் கோவிச்சுக்காது.

ரெண்டு, கருவிக்கும் ஒரு லீவு குடுங்க. இப்பத்தான் ஆயுத பூசை போச்சு. அன்னிக்குத் தறிக்குப் பொட்டு வச்சு, யாரும் தொடாம விட்டோம். அதுல பக்தியோட சேர்த்து நல்ல புத்தியும் இருக்கு. தொடவே கூடாதுன்னு ஒரு நாள் இருந்தாத்தான், அடுத்த நாள் தொடணும்னு கை ஏங்கும். பண்டிகை வாரம் முழுக்க உங்க தறியை ஒரு துணி போட்டு மூடி வச்சுடுங்க. பாவு எங்கயும் ஓடிடாது.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. உங்க ஓய்வுக்குப் பின்னாடி யாரோட வேலை இருக்குன்னு பாருங்க. தீபாவளி அன்னிக்கு நாலு மணிக்கு நம்ம தலையில எண்ணெய் வைக்கணும்னா, மூணு மணிக்கு ஒருத்தர் எழுந்து வெந்நீர் போடணும். முந்தின ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முறுக்குப் பிழிஞ்சவங்களும் அவங்களாத்தான் இருப்பாங்க. நம்ம வீட்டோட ராத்திரி விளக்குப் பெண் அவங்கதான். அவங்க தலைக்கு யாரு எண்ணெய் வைக்கிறது? இந்த வருஷம் நீங்க மூணு மணிக்கு எழுந்திரிங்க. எண்ணெயில ரெண்டு மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சுங்க. அம்மாவை முதல் ஆளா மணையில உக்கார வைங்க.

அப்படியே ஒரு சேலையோ வேட்டியோ வாங்கும்போது, கைத்தறியா இருந்தா, பேரம் பேசுறதுக்கு முன்னாடி அது எத்தனை நாள் வேலைன்னு கேட்டுப் பாருங்க. வீட்டுல தறி வச்சிருக்குற உங்களுக்கு அந்தப் பதில் மத்தவங்களைவிட நல்லாப் புரியும். இந்த ஹாபியால கிடைக்குற பெரிய லாபமே எனக்குத் தெரிஞ்சு அதுதான்.

முடியாத துண்டு தறியிலயே இருக்கட்டும். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.